எட்டு மஞ்சள் மட்டைகள்

அந்த மட்டைகளின் மணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உறையைக் கிழித்ததுமே மூக்கில் ஏறி அடிக்கும் ஒரு நெடி. தலைமயிருக்குப் பூசும் சாயப் போத்தலைத் திறந்த மாதிரி இருக்கும். கொப்பி அட்டை அளவு, முட்டை மஞ்சள் நிறம், ஒரு பக்கம் முழுக்கப் பசை. அதை இரண்டாக மடித்து, பசைப் பக்கம் வெளியே தெரிய, புளூபெரிப் பற்றையின் மேல்கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். கவனம் தப்பினால் கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும். எனக்கு முதல் நாளே பின்னலில் ஒட்டிவிட்டது. நான் இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. மச்சாள் ஓடிவந்து, தன் பையிலிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திறந்து, பலாப்பழப் பாலைக் கையிலிருந்து போக்குவது போல மெல்ல மெல்லத் தேய்த்துக் கழற்றிவிட்டார். "ஒட்டுறதுக்கெல்லாம் ஒரே மருந்துதான் பிள்ளை," என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. நேரம் போகிறதென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன்.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் மூவரும் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். ஒரே ஒரு படுக்கையறை எங்களுக்கு. ஹோலில் கிடந்த செற்றி மச்சாளுக்கு. காலையில் நான் எழும்பிப் பார்க்கும்போது போர்வையும் தலையணையும் மடிபட்டுக் கதவுக்குப் பின்னால் போயிருக்கும். அங்கே ஒருவர் படுத்தெழும்பினார் என்பதற்கு ஒரு சுருக்கம்கூட மிஞ்சாது. தன்னால் யாருக்கும் கரைச்சல் வரக்கூடாது என்பதை ஒரு விரதம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவரைப் போரில் இழந்தவர். ஒரே மகள், பதினாறு வயது, கொழும்பில் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் இருந்தாள். அந்தப் பிள்ளையை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போடவேண்டும். ஒழுங்கான வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொண்டுவாருங்கள், அதையும் சேர்த்து வைப்போம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். மச்சாளுக்குக் கனடா என்பது அந்த ஒரு கடிதம்தான். நயாகரா பார்க்கப் போவோம் என்று கூப்பிட்டால், "பிள்ளை வந்தாப் பிறகு எல்லாரும் சேர்ந்து போவம்," என்பார். புதுச் சப்பாத்து வாங்குவோம் என்றாலும் அதே பதில்தான்.

விடியற்காலையில் ஒரு வான் வண்டி வரும். எங்கள் இருவரோடும் சேர்த்து ஏழு பெண்கள் அதில் ஏறுவோம். மார்க்கம் நகரையும் தாண்டி வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் புளூபெரித் தோட்டம். அப்போது எனக்குப் புளூபெரியைச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. நாவற்பழத்தின் தூரத்துச் சொந்தம் என்று நினைத்து வாயில் போட்டு ஏமாந்தவள் நான். ஆனால் பிடுங்குவதில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு, பழத்தின் மேலிருக்கும் சாம்பல் பூச்சு அழியாமல், பெருவிரலால் உருட்டி விழுத்த வேண்டும். மச்சாள் அதை நெல்லில் கல் பொறுக்குவது போலச் செய்வார். அவருடைய வாளியில் ஒரு காய், ஓர் இலை இராது.

தோட்டத்துக்காரர் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். சிவந்த கழுத்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடை. சிரிக்கும்போதும் நெற்றி சுருங்கியே இருக்கும். மற்றத் தோட்டங்களில் நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பார்கள், இவரோ ஈயைக் கண்டால்தான் அடிப்பார். சனி ஞாயிறுகளில் ரொறன்ரோவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தாங்களே பழம் பிடுங்குவார்கள். குழந்தைகள் பற்றையிலிருந்து நேராக வாய்க்குள் போடுவதைப் பார்த்துக்கொண்டு தேவையில்லாமல் நஞ்சு தெளிக்கத் தன்னால் முடியாது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவருடைய எதிரி ஒரு சின்ன ஈ. வீட்டு ஈயைவிடச் சிறியது, இறக்கையில் கறுப்புப் பட்டைகள் கொண்டது. பழம் நீலம் பிடிக்கும் நேரம் பார்த்துத் தோலுக்கு அடியில் ஒரு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளே இருந்து தின்னும். வெளியே பழம் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். பிறகு புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகிக் குளிர்காலம் முழுக்க உறங்கும். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் அடுத்த வருடமும் அதன் கையில்தான். அந்த ஈ வந்துவிட்டதா என்று முன்கூட்டியே அறிவதற்குத்தான் மஞ்சள் மட்டைகள். அந்த நிறமும் நெடியும் அதை இழுக்கும், பசை பிடித்துக்கொள்ளும். தோட்டம் முழுவதற்கும் எட்டு மட்டைகள். ஒரு மட்டையில் ஓர் ஈ தெரிந்தாலும் உடனே ஓடிவந்து சொல்லவேண்டும்.

சொல்ல வேண்டியவள் நான். ஏழு பேரில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் அந்த வேலையை எனக்குத் தந்தார். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் கொப்பி. திங்களும் வியாழனும் எட்டு மட்டைகளையும் சுற்றிப் பார்த்து, கண்ட ஈக்களின் எண்ணிக்கையை எழுதவேண்டும், காணாவிட்டால் பூச்சியம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பூதக்கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மற்ற ஆறு பேரும் குனிந்து நிற்க நான் நிமிர்ந்து நடந்தேன். தலைக்கனம் என்று ஒன்று உண்டென்றால் அதை அந்த ஒரு கோடை காலத்தில் நான் அளவில்லாமல் சுமந்தேன்.

மச்சாள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "உதென்ன பிள்ளை, பற்றையளுக்குக் கண்ணூறு படாமல் கட்டி விட்டிருக்கினமோ?" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நிமிடம் போதும் சொல்லி விளங்கப்படுத்த. மச்சாள் ஊரில் தோட்டம் செய்த குடும்பத்துப் பெண். மிளகாய்க் கன்றில் இலை சுருண்டால் என்ன பூச்சி என்று தூரத்தில் நின்றே சொல்லக்கூடியவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உது உங்களுக்கு விளங்காது மச்சாள்," என்றேன். அதுவும் அத்தனை பேருக்கும் முன்னால். மச்சாள் தன் பெட்டியிலிருந்த புட்டில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டார்.

அந்த வாரமே வியாழக்கிழமை தோட்டத்துக்காரர் என்னோடு மட்டை பார்க்க வந்தார். மட்டை முழுக்க நுளம்பும் வண்டும் பெயர் தெரியாத பூச்சிகளும் அப்பியிருந்தன. அந்த ஈ மட்டும் இல்லை. அவர் மட்டையை வெயிலில் பிடித்து, வழக்கம் போல நெற்றியைச் சுருக்கி, தலையை ஆட்டினார். நல்லது என்று சொல்வதற்கும் அவர் அப்படித்தான் ஆட்டுவார். இரண்டு வரிசை தள்ளிப் பழம் பிடுங்கிக்கொண்டிருந்த மச்சாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் என்ன நினைத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரத்திலிருந்து என் மட்டைகள் பளபளவென்று இருந்தன. ஈ இல்லை என்பது இருக்கட்டும், ஒரு நுளம்புகூட இல்லை. மூளையுள்ள எவளும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பாள். திறந்த வெளியில், ஆடி மாத வெயிலில், பசை பூசிய மட்டையில் ஒன்றுமே ஒட்டவில்லையென்றால் என்ன அர்த்தம்? நான் யோசிக்கவில்லை. பூச்சியம் எழுத எழுத எனக்குச் சந்தோஷம். ஈ இல்லாதது ஏதோ என் திறமை போல, கொப்பியை நீட்டும்போதெல்லாம் தோட்டத்துக்காரரின் முகத்தைப் பார்ப்பேன். "நல்லது, நல்லது," என்பார். மூன்றாவது வாரம் நான் மட்டைக்குக் கிட்டவே போகவில்லை. வரிசையின் தலைப்பில் நின்று தூரத்தில் மஞ்சளாக ஏதோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எட்டுப் பூச்சியம் போட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. வார இறுதியில் பழம் பிடுங்கிக்கொண்டு போன ஒரு பெண் காரில் திரும்பி வந்தாள். கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். பழப் பலகாரம் சுடுவதற்குப் பழத்தை வெட்டியபோது கண்டாளாம். அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். தோட்டத்துக்காரருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நின்றாள். அவர் பொதிகட்டும் கொட்டகைக்குள் போய், அன்று காலை நாங்கள் பிடுங்கிய பழத்தில் இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு வெள்ளைப் பேசினில் போட்டு நசித்து, உப்புத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் ஏழு பேரும் சுற்றி நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஊதாத் தண்ணீரில் ஒன்று மிதந்து வந்தது. அரிசியைவிட மெல்லிய வெள்ளைப் புழு. பிறகு இன்னொன்று. பிறகு எண்ணத் தேவையில்லாமல் போய்விட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் கொப்பியை நீட்டினேன். வேறென்ன செய்வது? பூச்சியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வரிசைக்குள் போய் ஒரு மட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். விரலை அதில் வைத்து எடுத்தார். விரல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஏழு பெண்கள், ஏழு பேருடைய தலையிலும் அதே தேங்காயெண்ணெய். அழவேண்டிய அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. என் பின்னலில் மட்டை ஒட்டியபோது மச்சாள் சொன்னது காதுக்குள் கேட்டது. நாங்கள் தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் அவர் மட்டும் வாளியோடு வரிசைக்குள் போய்விடுவதும் ஞாபகம் வந்தது. வேலையில் என்ன ஆர்வம் இந்த மனுசிக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

கடிதத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார் தோட்டத்துக்காரர். மச்சாளின் பெயரை எப்படி எழுதுவதென்று என்னிடம் கேட்டு, ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அந்தப் பையைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் இதைச் செய்தது என்று அவர் கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். ஊத்தையாக இருந்தது, துடைத்தேன் என்றேன். அவர் கத்தவில்லை. "துடைத்தது அறியாமை, அதை நான் மன்னிப்பேன். ஆனால் பார்க்கச் சொன்னதைப் பார்க்காமல் எழுதினாயே," என்றார். நான் சொன்ன பொய்க்கு அவர் தந்த தண்டனை, நான் உண்மையாகவே செய்த குற்றத்துக்கு அப்படியே பொருந்தியது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

வீடு திரும்பும்போது வானுக்குள் மச்சாள் பக்கத்தில் இருந்தார். "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை மச்சாள். எனக்கு வேறை வேலை பாக்கச் சொல்லிப் போட்டார். எனக்கும் உந்த வெயில் ஒத்துவரேல்லை," என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவேயில்லை.

அடுத்த நாளே டிராக்டரில் மருந்தடித்து, வரிசைகளின் தலைப்பில் சிவப்புப் பலகை நட்டார்களாம். ஒருவரையும் உள்ளே விடவில்லை. பிறகு கீழே விழுந்த பழம், கிளையில் பழுத்துப்போன பழம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கி, கறுப்புப் பைகளில் கட்டி வெயிலில் போட்டு வேகவைத்தார்கள். அந்த வேலையில் மச்சாள் யாருக்கும் இடம் விடாமல் நின்றார் என்று வான் ஓட்டும் அண்ணை வந்து சொன்னார். "உங்கடை மச்சாள் மண்ணைக்கூடக் கூட்டிப் பெருக்கிறா," என்றார். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. நான்தான் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நம்பிக்கையான, கவனமான வேலையாள் என்று எழுதியிருந்தார். மச்சாள் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷம் என்று நினைத்தேன். ஒன்றரை வருடத்தில், ஒரு மாரிகாலத்தில், மகள் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் மச்சாள் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார், ஏதாவது குறைகிறதா என்பது போல.

நான் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன், பிறகு படித்தேன், பிறகு அலுவலக வேலை, மார்க்கத்தில் வீடு. தோட்டமும் தப்பிவிட்டது, பல வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது சனங்கள் வாளியோடு நிற்பதைக் கண்டேன். காரை நிறுத்த மனம் வரவில்லை. மச்சாளைக் காப்பாற்றினவள் நான் என்ற எண்ணத்தை யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்தேன். கணவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் ஒரு ருசி இருந்தது. மச்சாளோடு ஏதும் மனவருத்தம் வந்தால், இந்த மனுசிக்குத் தெரியாதே நான் செய்தது என்று உள்ளுக்குள் நினைத்துப் பெருந்தன்மையாக இறங்கிப் போவேன். வயது போனாலும் கழுத்தில் அந்தப் பூதக்கண்ணாடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது போல.

மச்சாள் காலமாகி இப்போது இரண்டு வருடம். போவதற்கு முந்திய இலையுதிர்காலத்தில், இருதய சத்திரசிகிச்சை முடிந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் வந்து நின்றார். பகலில் நானும் அவரும் மட்டும். ஒருநாள் பின்னேரம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"உம்மிட்டை ஒண்டு சொல்லவேணும் பிள்ளை. அந்தத் தோட்டத்திலை உம்மை நிப்பாட்டினது என்னாலை."

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த மனுசன் மட்டையைத் தொட்டு விரலை மணந்து பாத்தவன். மணத்துக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருக்க வேணுமே? பேசினுக்குள்ளை புழுவைக் கண்டனான். மட்டை எதுக்கெண்டு அந்த இடத்திலையே விளங்கிப் போச்சு. ஊத்தை மட்டையைப் பாத்து உம்மை ஏசுறான் எண்டு நினைச்சுத்தான் துடைச்சனான். உம்மடை வேலை போகக்கூடாதெண்டு செய்து, கடைசியிலை நானே அதுக்கு உலை வைச்சுப் போட்டன். நீர் உம்மிலை பழியைப் போட்டதும் எனக்குத் தெரியும். உம்மடை முகத்தைப் பாத்தால் தெரியாதே?"

அவருக்கு விளங்காது என்று நான் நினைத்த எல்லாமே அவருக்கு அன்றைக்கே விளங்கியிருந்தது. இத்தனை வருடமும் நான் ரகசியமாக வைத்து ருசித்தது, அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. நானும் சொன்னேன்: மட்டையைப் பார்க்காமலே பூச்சியம் போட்டதை, கேட்டபோது விளங்கப்படுத்தாமல் எல்லோருக்கும் முன்னால் எடுத்தெறிந்து பேசியதை. "அப்பிடி ஏதும் சொன்னனீரே? எனக்கு நினைவில்லை," என்றார் மச்சாள். அவருக்கு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பிறகு இலைக் காம்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "மன்னிப்புக் கேக்கிறதெண்டா உண்மையாக் கேக்கவேணும் பிள்ளை. நான்தான் செய்தது எண்டு சொல்ல வாய் வந்தது. சொன்னால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையெண்டா பிள்ளை இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டனான். இண்டைக்கு அப்பிடி ஒரு நாள் திரும்பி வந்தாலும் நான் வாய் திறக்கமாட்டன். உம்மை விட்டிட்டு அவளைத்தான் பாப்பன். அதை ஒளிச்சுப்போட்டு உம்மிட்டை மன்னிப்புக் கேக்கக்கூடாது."

என்னிடம் இவ்வளவு நேர்மையாக யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் இருந்துகொண்டேன். நான் அவரை எவ்வளவு நேசித்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. "நானும் அவளுக்காகத்தானே மச்சாள் பொய் சொன்னனான்," என்றேன். இரண்டு பேரும் அழுதோம், கொஞ்சம் சிரித்தோம். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வேலை முடிந்து மகள் தாயைப் பார்க்க வருகிற நேரம். மச்சாள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

"எழும்பும், எழும்பும். பிள்ளை வாறாள்."